ஆட்சி கவிழ்ந்ததில் ஆனந்தம் கொண்ட கன்னியம்மா

குமணன்சாவடி கூட்டுரோட்டில் மீன் விற்ற கன்னியம்மாவுக்கு அரசியல் தெரியாது. ஆனால் தில்லியில் ஆட்சி எப்போது கவிழும் என்பதில் அவளுக்கு இருந்த அக்கறை, எந்தக் கட்சிக்காரனுக்கும் இருந்திருக்காது. காரணம், அவளுடைய இடது கண்.

தொண்ணூற்றாறாம் வருஷத் தேர்தலுக்குச் சற்று முன்னால்தான் அந்தக் கண்ணில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் விழுந்தது. வலது கண்ணில் முன்னிருந்தே அரைப் பார்வைதான். மீன்காரிக்குக் கண்தான் மூலதனம். காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பா கறுப்பா என்று ஒரு நொடியில் சொல்ல வேண்டும். கன்னியம்மா பார்ப்பதை விட்டுவிட்டு மோந்து வாங்க ஆரம்பித்தாள். ஒருநாள் சங்கரா மீன் கேட்ட டீச்சரம்மாவுக்குக் கிழங்கானைக் கொடுத்தனுப்ப, அந்தம்மா மறுநாள் சட்டியோடு வந்து நின்று சண்டை போட்டாள்.

பக்கத்து வீட்டு ரோஸிக்கு அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. தும்மினால்கூட இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு. அவள் கன்னியம்மாவின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"யக்கா, மீனுக்குக் கண்ணு இப்டி இருந்தா நீயே அத்த எடுக்க மாட்டே."

கன்னியம்மாவின் புருஷன் வேம்புலி பாடியில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் ஆள். அவனுக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. டவுன் ஆஸ்பத்திரி என்றால் ரெண்டு பஸ், ஒருநாள் வியாபாரம் போகும், போனாலும் எங்கே போய் யாரைக் கேட்பது என்று தெரியாது. அந்தச் சமயத்தில்தான் தேர்தலை முன்னிட்டு, ஆனால் தேர்தல் என்ற பேச்சே இல்லாமல், ஏதோ ஒரு நற்பணி மன்றத்தின் பெயரில் கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். வாசலில் வேட்பாளர் கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு நின்றார். உள்ளே டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"புரைம்மா. இன்னும் முத்தல. முத்தினப்புறம் எடுத்துடலாம். அடுத்த முகாமுக்கு வா."

"அடுத்தது எப்போ சார்?"

டாக்டர் நியாயமான மனிதர். சுவரொட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அஞ்சு வருஷம் ஆகும்" என்றார்.

கன்னியம்மா அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டாள். கண் முத்தவும் அஞ்சு வருஷம், ஆட்சி முடியவும் அஞ்சு வருஷம். பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ரெண்டு வருஷம் ஆவதற்குள் தில்லியில் என்னென்னவோ நடந்து, மறுபடி தேர்தல் வந்துவிட்டது. தொண்ணூற்றெட்டாம் வருஷப் பொங்கல் கழிந்ததும் அதே மண்டபம், அதே டாக்டர், கும்பிட்டபடி வேறொரு வேட்பாளர்.

"இன்னும் கொஞ்சம் முத்தணும்மா."

"இன்னா சார், இந்த கெவுருமெண்டு முத்தறதுக்குள்ளயே உழுந்துடுது, என் கண்ணு மட்டும் முத்த மாட்டேங்குதே!" என்றாள் கன்னியம்மா. ஆறுதலுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்தனுப்பினார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் தரை ரெண்டு அடி கீழே இருப்பதுபோல் தெரிந்தது. வேம்புலி அதைப் போட்டுப் பார்த்து, தனக்கு நன்றாக இருக்கிறதென்று வைத்துக்கொண்டான்.

அடுத்த வருஷத்துக்குள் கண் முற்றிலும் வெளுத்துவிட்டது. இனி முத்துவதற்கு ஒன்றும் இல்லை. இப்போது ஆட்சி கவிழ வேண்டியதுதான் பாக்கி. கன்னியம்மா தினமும் சாயங்காலம் ரோஸி வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து செய்தி கேட்டாள். ஏப்ரல் மாதம் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஆட்சி கவிழ்ந்தது என்று வாசித்தபோது, "மாரியாத்தா!" என்று எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் கூட்டுரோட்டில் மீன் வாங்க வந்த அத்தனை பேருக்கும் ஒரு பிடி நெத்திலி கொசுறு போட்டாள்.

விஷயம் எதிர்க்கட்சி வட்டச் செயலாளர் கோவிந்தராஜ் காதுக்குப் போனது. கோவிந்தராஜ் சிமெண்டுக் கடை வைத்திருந்தவர். அவர் கட்சியில் கொடி கட்டக்கூட ஆள் தேட வேண்டியிருந்த காலம். ஏழை மீன்காரி ஒருத்தி ஆட்சி கவிழ்ந்த சந்தோஷத்தில் ஊருக்கே மீன் கொடுத்தாள் என்றதும் மனிதர் உருகிப்போனார். ஆகஸ்டில் போட்ட தெருமுனைக் கூட்டத்துக்குக் கன்னியம்மாவைக் கையோடு கூட்டிவந்து, மேடையில் உட்கார வைத்து, சரிகைத் துண்டு போர்த்தினார்.

"கட்சிக்காக இந்தத் தாய் பட்ட பாடு கொஞ்சமா? தாயே, ரெண்டு வார்த்தை பேசு!" என்று மைக்கை நீட்டினார்.

கன்னியம்மா மைக்கைத் தராசு பிடிப்பதுபோல் பிடித்தாள்.

"எல்லாத்துக்கும் வணக்கம். ஆட்சி கவுந்ததுல எனக்கு ரொம்ப சந்தோசம்."

கைதட்டல். கோவிந்தராஜ் பெருமையோடு கூட்டத்தைப் பார்த்தார்.

"இப்ப அண்ணாத்தே கட்சி வரும்ன்றாங்க. வரட்டும். வந்து அதுவும் வெரசா கவுந்துடணும். இன்னாத்துக்குன்னா, இந்தத் தபா பீச்சாங்கைப் பக்கத்துக் கண்ணு ஆபரேசன் ஆயிடும். சோத்தாங்கைப் பக்கம் ஒண்ணு பாக்கி கீது."

கூட்டுரோடே சிரித்தது. நின்ற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். கோவிந்தராஜ் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். கன்னியம்மா விடவில்லை.

"இன்னோரு வார்த்தை அண்ணாத்தே. ஆபரேசன் முன்ன, ஓட்டு பின்ன. முன்னாடியும் ரெண்டு தபா டாட்டா காட்டிட்டுப் போய்ட்டாங்க. ஓட்டுப் போட்டப்பறம் உங்களை எங்க போய்த் தேடறது?"

கூட்டத்திலிருந்து ஒருவன், "அதானே! பதில் சொல்லு அண்ணாத்தே!" என்று கத்தினான். கோவிந்தராஜுக்கு வேறு வழியில்லை. அந்த வாரமே மன்றத்தின் பெயரில் ஒரு வேன் வந்தது. கன்னியம்மாவோடு இன்னும் ஒன்பது பேர் ஏறிக்கொண்டார்கள். அதில் நாலு பேர் எதிர்க்கட்சிக்கு எதிர்க்கட்சி என்று கோவிந்தராஜுக்குத் தெரியும். இறக்கிவிடவில்லை.

டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது அவள் முதலில் பார்த்தது எதிரே நின்ற வேம்புலியை. ரொம்ப நேரம் பார்த்தாள். வேம்புலி நெகிழ்ந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னாய்யா, இவ்ளோ நரச்சுப்புட்டே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?" என்றாள் கன்னியம்மா.

ஓட்டுப் போடும் நாளன்று கறுப்புக் கண்ணாடியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மறைப்புக்குப் பின்னால் சீட்டை விரித்தவள், வெகுநேரம் வெளியே வரவில்லை. கல்யாணமான புதிதில், "மேலேர்ந்து நாலாவது, அதான் நம்ம சின்னம்" என்று வேம்புலி சொல்லிக்கொடுத்திருந்தான். எழுத்துத் தெரியாதவள், பிறகு கண்ணும் சரியாகத் தெரியாதவள், அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் விரலால் தடவி எண்ணி நாலாவதில்தான் குத்திவந்தாள். ஒவ்வொரு தடவையும் வரிசை மாறும் என்பதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நாலாவது இடத்தில் ஒரு கத்தரிக்கோல் பளிச்சென்று தெரிந்தது.

"சார்! இத்தினி வருசமா நானு கத்திரிக்கோலுக்கா போட்டுகினு இருந்தேன்?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

தேர்தல் அதிகாரி, "ரகசியமா போடும்மா, ரகசியமா" என்று பதறினார். அவள் கடைசியில் எதில் குத்தினாள் என்பது கோவிந்தராஜுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் கட்சி தோற்றது. தோற்ற மறுவாரம் வேன் கோயம்பேட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்ததாக வேம்புலி பார்த்து வந்து சொன்னான்.

புது ஆட்சி அமைந்து, தீபாவளியும் போனது. வலது கண்ணிலும் புகை இறங்கத் தொடங்கியது. கன்னியம்மா பழையபடி ரோஸி வீட்டில் செய்தி கேட்க வந்து உட்கார்ந்தாள்.

"இது அசையற மாதிரியே தெர்ல ரோஸி. கெட்டியா குந்திகினு கீறாங்க" என்றாள் கவலையோடு.

ரோஸிக்குப் பொறுக்கவில்லை. "போதும்க்கா. உன் கண்ணுக்கோசரம் நாடு இன்னும் எத்தினி தபா ஓட்டுப் போடும்?" என்று, ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு, கையைப் பிடித்து எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பெரிய கூட்டம். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, மதியத்துக்குள் டாக்டரம்மா பார்த்துவிட்டார். அடுத்த மாதம் வரச் சொன்னார்.

கன்னியம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "அடுத்த மாசம் எலெக்சன் எதுவும் இல்லியேம்மா?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "எலெக்‌ஷனுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? வருஷம் பூரா இங்கே இலவசம்தான்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கன்னியம்மா மூணு தேர்தலையும் விரல் மடக்கி எண்ணினாள். அமைந்தகரை தாண்டியதும் கேட்டாள்.

"ஏன் ரோஸி, வருசம் பூரா கீதுன்னு ஒருத்தன் மைக்குல சொல்லலியே?"

"எனக்கும் தெர்லியேக்கா. எனக்கு இ.எஸ்.ஐ. இருக்கசொல்ல நான் எதுக்கு விசாரிக்கப் போறேன்?" என்றாள் ரோஸி, கொஞ்சம் வெட்கத்தோடு.

சொன்ன தேதிக்கு வலது கண்ணும் ஆனது. அதற்குப் பிறகு கூட்டுரோட்டில் யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், கன்னியம்மா மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டு எந்த பஸ், எந்த வாசல், எந்த வரிசை என்று உரக்கச் சொல்வாள். கோவிந்தராஜ் ஒருநாள் கூட்டம் குறையும்வரை சிமெண்டுக் கடை வாசலிலேயே காத்திருந்து, மெதுவாக வந்து நின்றார்.

"யக்கா, எனக்கும் ஒரு பக்கம் மங்கலா கீது. வெளில சொல்லிக்காதே."

கன்னியம்மா அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு அவர் கண்ணை உற்றுப் பார்த்தாள்.

"காலைல ஏழு மணிக்கெல்லாம் வரிசையில நிக்கணும் அண்ணாத்தே. சோறு கட்டிகினு போ. துண்டை மட்டும் ஊட்டுலயே உட்டுட்டுப் போ, அங்க அதுக்கு யாரும் வழி உட மாட்டாங்க."