மேய் மேடத்தின் மதியத் தூக்கம்

மேய் மேடம் நம்மை விட்டுப் போய்விட்டார். பழைய ஆபீஸ் டிரைவர் சலீம் பாய் போனில் சொன்னபோது டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அது வற்றிப்போனதுகூடத் தெரியவில்லை. துபாயில் அந்த வெளிநாட்டுக் கம்பெனியில் அவரோடு இருந்த உங்களுக்காக, எட்டாவதோடு நின்ற டீக்கார அந்தோணி எழுதுகிறேன்.

பஞ்சாலைத் தொழிலாளிகளின் மகள் அவர். இன்ஜினியராகி, கம்பெனிச் சம்பளத்தில் ஷாங்காயில் பிளாட் வாங்கினார். குடிபோன அன்று அவருடைய அம்மா நாள் முழுக்க லிப்டில் ஏறி இறங்கினாராம். என்னை மேடம் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார், நான் பழக்கியது. மற்றபடி எங்கள் பேச்சு அரைகுறை இந்திதான். இங்கே என் தமிழில் தருகிறேன்.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டதும் மேஜையில் தலை சாய்த்து இருபது நிமிடம் தூங்குவார். “எங்க ஊர்ல ஆபீஸே தூங்கும், அண்ணாச்சி.”

“தலகாணி கொண்டாரவா மேடம்?”

“உன் வாயை மூடு, போதும்.”

மூடியிருக்கலாம். ஒருநாள் மேனேஜர் வந்து, “எங்கே அந்தச் சீனாக்காரி?” என்றார். “கனவுல டிராயிங் போடுதாங்க சார்” என்றேன். அவர் சிரித்தார், மொபைலில் படம் எடுத்தார். படம் தலைமை ஆபீசுக்குப் போனது. மேடத்துக்கு வரவேண்டிய சீஃப் பதவி, அவரிடமே வேலை கற்ற ஒருவனுக்குப் போனது.

மேடத்திடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். “நீ கிண்டல் பண்ணின. அவன் படம் எடுத்தான். உன்னை மன்னிச்சாச்சு. அவனை மாட்டேன்” என்றார். ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வருடத்தில் எங்கள் ஆபீஸ் ஷாங்காய் ஆபீசுக்குக் கீழே வந்தது. மேற்பார்க்க வந்து இறங்கியவர் மேய் மேடம். மேனேஜரைச் சரியாக ஒரு மணிக்கு வரச்சொன்னார். அவர் ஃபைலோடு கண்ணாடி அறைக்குள் நுழைய, மேடம் மேஜையில் தலையைச் சாய்த்தார். இருபது நிமிடம். மாடியே பார்த்தது.

“எழுப்பு” என்று மேனேஜர், டீயோடு நின்ற என்னிடம் முனகினார்.

“மாஃபி சார், முடியாது. கனவுல உங்க ஃபைலத்தான் பாக்காங்க.”

மேடம் எழுந்தார். தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்தார். “உட்காருங்க. படம் எடுத்தாச்சா?” என்றார். இன்றைக்கும் எனக்கு அதுதான் இனிப்பு.

ஆறு மாதத்தில் மேனேஜர் பெட்டி கட்டினார். ஏர்போர்ட் வரைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டே போனாராம் சலீம் பாய்.

இப்போது அதே மனிதர், ‘என் அருமைத் தோழி’ என்று எல்லோருக்கும் இரங்கல் அனுப்பியிருக்கிறார். மேடம் மன்னிக்காத ஆளை மன்னிக்க நான் யார்?

மேடம் விட்டுப்போன பிளாஸ்க் என்னிடம் இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு அதன் பக்கத்தில் தலை சாய்க்கிறேன். கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன். எவனாவது படம் எடுக்கட்டும்.