பங்கு கேட்பவளுக்குத் தடித்த கண்மை

எனக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் வில்லன்கள்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கதாநாயகனுக்குத் தனக்கென்று எதுவுமே வேண்டாம். அம்மாவுக்காக அடிப்பான், ஊருக்காக அடிவாங்குவான். கதாநாயகி அழுவாள். மொத்தப் படத்திலும் வில்லன் ஒருத்தன்தான் வாயைத் திறந்து "எனக்கு இது வேணும்" என்பான். கடைசியில் அவனைத்தான் கொல்வார்கள்.

சின்ன வயதில், பருத்தி எடுத்து முடிந்த எங்கள் காட்டில் படம் நடிப்போம். அண்ணன்தான் எப்போதும் கதாநாயகன். வில்லனாக யாரும் வர மாட்டார்கள், அதனால் அது என் தலையில் விழும். அண்ணன் காய்ந்த பருத்திமார்க் குச்சியால் அடிப்பான்; நான் சாக வேண்டும். "ஏ, நீ செத்துட்ட, கீழ விழு!" என்று கத்துவான். "விழ மாட்டேன், போ" என்பேன். அப்பா வரப்பில் நின்று சிரிப்பார்.

அப்பா போன பிறகு அந்தக் காடுதான் வினையானது. குமாரலிங்கபுரம் பக்கம் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் மண்ணின் மேல் திடீர்ப் பாசம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அப்பா சொத்தில் பங்கு வேண்டாம் என்று பெண்பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்குக் கூடப்பிறந்தவன் ஒரு பட்டுச்சேலை எடுத்துத் தருவான். சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்பதும் தெரியும்.

என் மகள் பெரியமனுஷியாகி, சடங்குக்கு நாள் குறித்திருந்தோம். பத்திரிகை வைக்கப் பிறந்த வீட்டுக்கு, ரெட்டியபட்டிக்குப் போனேன். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு நாத்தனார் சொத்தில் பங்கு கேட்கிறாள். இந்த சீரியல் எடுப்பவர்கள் இருக்கிறார்களே, பங்கு கேட்பவளுக்குத்தான் கண்மையைத் தடிமனாகப் பூசுவார்கள். அவள் படியிறங்கினாலே பின்னால் உறுமி இசை. "நாசமாப் போறவ, முழியப் பாரு" என்று அம்மா திட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நாளைக்குக் காலைல பத்திர ஆபீஸு வரைக்கும் போயிட்டு வந்துருவோம். ஒனக்குச் சேலை எடுத்தாச்சு. பீரோல இருக்கு."

என்னைக் கேட்பதற்கு முன்பே சேலை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையெழுத்துப் போட மாட்டேன்ணே. அப்பா காட்டுல எனக்குப் பங்கு வேணும்."

டிவிக்காரியைவிடத் தெளிவாகத்தான் சொன்னேன். அம்மா அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, இவ மாதிரியே பேசுறியே?"

"ஆமா. இவளாவது வாயத் தொறந்து கேக்குறா. நீ ஒங்கப்பா காட்டுக்குப் பதிலா என்ன வாங்குன?"

அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

அண்ணன் எழுந்தான். "வீட்டுக்குள்ளயே ஒரு வில்லிய வளத்துருக்கோம். கேட்டுக்க, தாய்மாமன் சீரும் கெடையாது, ஒரு மசுரும் கெடையாது. எங்க வீட்டுலருந்து ஒரு ஈ காக்கா வராது."

"வராட்டிப் போ" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் அழுகை வந்தது. எல்லாம் ஆத்திரம். கூடவே பயமும். தாய்மாமன் சீர் வராத சடங்கை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாதா? என் வீம்புக்கு என் மகள் ஏன் தலைகுனிய வேண்டும்? எங்கள் ஊர் நரிக்குடி வருவதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டுவிடலாமா என்று பலமுறை செல்லை எடுத்தேன். போடவில்லை. வில்லன்கள் யாரும் பாதியில் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சடங்கன்று மண்டபத்தில் மகளைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி உட்காரவைத்தாயிற்று. மாலை போட மாமன் வேண்டும். பெண்கள் வாசலையே பார்த்தார்கள். "அவ அண்ணன் வரலையாம்ல. பங்கு கேட்டுட்டாளாம்" என்று பின்வரிசையில் பேச்சு, எனக்குக் கேட்கட்டும் என்றே. மகள் என் முகத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தே நின்றேன். உள்ளுக்குள் என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் வாசலில் அம்மா. ரெண்டு பஸ் மாறி, தனியாக, தலையில் தாம்பாளத்தோடு. அப்பா போனதிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் கடைசி வரிசையைத் தாண்டி வராதவள் அவள். என் நாத்தனார் ஓடிப்போய்த் தடுத்தாள்: "அத்தை, நீங்க தட்டு தூக்கிட்டு வரக் கூடாது..."

"யாரு சொன்னா? வில்லியோட ஆத்தா வந்துருக்கேன். வழிய விடுங்கடி!"

பெண்கள் ஒதுங்கினார்கள். அம்மா நேராக மேடைக்கு வந்து, தானே பேத்திக்கு மாலை போட்டாள். தாம்பாளத்தில் பூவுக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு பட்டுச்சேலை, கடைப் பை பிரிக்காமல். பார்த்ததுமே புரிந்துவிட்டது. என் கையெழுத்துக்கு எடுத்த சேலை.

"அம்மா... அண்ணனுக்குத் தெரியுமா?" என்று காதோரம் கேட்டேன்.

அம்மா மடியைத் தட்டிக் காட்டினாள். "பீரோ சாவி எங்கிட்டதானடி இருக்கு."