அம்மா போட்ட எட்டும் அப்பா போட்ட சத்தமும்

1. அப்பாவின் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது.
2. இனி கிக்கரை உதைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அப்பாவின் பழைய பைக்கை எழுப்பக் கிக்கரைத் தவிர வேறு வழி கிடையாது.
3. அந்த பைக்கின் பின்னால் உட்கார்ந்து தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அம்மா, போக வழியில்லாமல் நின்றாள்.
4. அம்மா மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். ஓட்டத் தெரியாமல்தான் வாங்கினாள்.
5. லைசென்ஸ் தேர்வில் அம்மா எட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா சத்தம் போட்டார்.
6. அம்மா ஃபெயில்.

அலுவலகத்தில் கோளாறு அறிக்கை எழுதுகிற பழக்கத்தில் இப்படித்தான் எனக்கு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வருகிறது. மறைமலை நகரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வண்டிக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் சோதிப்பது எங்கள் பிரிவின் பொறுப்பு. இப்போது வருகிறவற்றில் பாதிக்கு மேல் மின்சார வண்டிகளுக்கானவை. நான் போய்வருவது என்னவோ பெட்ரோல் பைக்கில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் செயினுக்கு எண்ணெய் போட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவேன். கை கறுத்தால்தான் எனக்கு விடுமுறை விடுமுறையாக இருக்கும்.

அம்மா இரண்டாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் வீடு மாடம்பாக்கத்தில் இருக்கிறது, பள்ளி அகரம்தென் ஊரையும் தாண்டி. வேனில் வரும் பிள்ளைகளை இறக்கி உள்ளே அனுப்பும் வேலை அம்மாவுடையது என்பதால் எல்லோருக்கும் முன்னால் கேட்டில் நிற்க வேண்டும். நான் விடிவதற்குள் வேறு திசையில் வேலைக்குக் கிளம்பிவிடுவேன் என்பதால், அப்பா படுத்த பிறகு சில வாரங்கள் ஆட்டோவில் போய்ப் பார்த்தாள். ஆட்டோ ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வராத நாட்களில் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். கோடை விடுமுறைக்கு முன் தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், பள்ளி திறக்கும்போது நேரத்துக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியாது என்றால் வேறு ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"வந்துடுவேன் மேடம், நானே ஓட்டிட்டு வந்துடுவேன்," என்று அம்மா சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவளுக்கு சைக்கிள்கூடச் சரியாக வராது.

லைசென்ஸே தேவையில்லாத மெதுவான ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறதே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மா சம்மதிக்கவில்லை.

"அதுல போனா என் கிளாஸ் பசங்க சைக்கிள்ல என்னை ஓவர்டேக் பண்ணி டாட்டா காட்டுவாங்க. எனக்கு ஒழுங்கான வண்டிதான் வேணும்."

ஒழுங்கான வண்டி வந்தது. அப்பாவுக்கு அதில் இருந்த ஒரே குறை, அது சத்தம் போடவில்லை என்பது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து ஸ்கூட்டரின் பக்கவாட்டில் காதை வைத்தார்.

"ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?"

"ஆன்லதான்ப்பா. ஸ்க்ரீன்ல பாருங்க."

"வண்டிக்கு உயிர் இருக்கான்னு ஸ்க்ரீன்ல போய்ப் பார்க்கணுமா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மறுநாளே அம்மா அது ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து, கைப்பிடியைப் பற்றி இறங்கப் போனாள். ஸ்கூட்டர் ஒரு தாவு தாவி, கேட் ஓரம் வைத்திருந்த காலி தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு போய் நின்றது. பெட்ரோல் வண்டி முதலில் உறுமும், பிறகுதான் நகரும். இதில் முறுக்கிய கணமே முழு இழுவை. அன்று மாலை அம்மாவுக்கு விதிகள் போட்டேன்: இறங்குவதற்கு முன் ஆஃப். ஆஃப் ஆனதா என்று திரையில் பார். வலது கையை வண்டியைப் பிடிக்கிற கையாக நினைக்காதே.

பயிற்சிக்கு எங்கள் தெருவின் கடைசியில் ஒரு காலி மனை இருந்தது. முதலில் செங்கல்லை வைத்து எட்டுக்கு வழி காட்டினேன். அம்மா செங்கல்லைப் பார்த்தாள், பயந்தாள், நேராகப் போய் அதிலேயே மோதினாள். அடுத்த நாள் அவளே ஒரு டப்பா கோலப்பொடியோடு வந்தாள். குனிந்தபடி பின்னாலேயே நடந்து, கை எடுக்காமல் ஒரு பெரிய எட்டு இழுத்தாள். நான் அளந்து பார்த்தேன். இரண்டு வட்டமும் ஒரே அளவு.

"இப்ப ஓட்றேன் பாரு. இது நான் போட்ட இழை. இதை விட்டு எனக்குப் போகத் தெரியாது."

உண்மையில் போகவில்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்க, கீழே அம்மா தன் எட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோலப்பொடியில் ஒரு வாரம், பிறகு பொடியில்லாமல். நான் தேர்வுக்கு நாள் பதிவு செய்தேன்.

ஸ்டாண்டு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சாலைகளில் யாராவது சைடு ஸ்டாண்டை மடக்காமல் வண்டியை எடுத்துவிட்டால், பார்க்கிற எவரும் சும்மா இருக்க மாட்டார்கள். பஸ் படியில் தொங்குகிறவர், எதிரில் வருகிறவர், பூ கட்டிக்கொண்டிருக்கிறவர், எல்லோரும் "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்பார்கள். அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. காதில் விழுந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் இடது காலால் தங்கள் ஸ்டாண்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அப்பா இதில் தீவிரமானவர். பைக் ஓட்டிய காலமெல்லாம், சிக்னலில், ரயில்வே கேட்டில், ஒருமுறை கல்யாண ஊர்வலத்தின் நடுவில்கூட, யாருக்காவது ஸ்டாண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர்.

தேர்வு நாளன்று அவர் கம்பி வேலிக்கு வெளியே நின்றார். நான் பக்கத்தில். அம்மா உள்ளே. முதல் வட்டம் அழகாக முடிந்தது. எட்டின் நடு இடுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் வரிசையில் காத்திருந்த ஒருவர் தன் பைக்கை முன்னால் நகர்த்தினார். அதன் ஸ்டாண்டு தரையைத் தேய்த்தது.

"ஸ்டாண்டு! சார், ஸ்டாண்டு!" என்றார் அப்பா.

அந்த மனிதர் குனிந்து பார்த்து மடக்கிக்கொண்டு, கையைத் தூக்கி "தேங்க்ஸ் அங்கிள்" என்றார்.

அம்மாவும் கேட்டாள். வேறு யாராவது கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு நடந்துகொண்ட வருடங்கள் அவளுக்கு அதிகம். இடது கால் தானாகப் பின்னால் போய்த் தேடியது, மடங்கியிருந்த ஸ்டாண்டைக் கண்டுபிடித்தது, ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் குதிகாலால் கீழே தள்ளியது. பழைய வண்டியாக இருந்தால் அப்படியே ஓடியிருக்கும். இதில் ஸ்டாண்டு இறங்கினால் சென்சார் உடனே மோட்டாரை நிறுத்திவிடும். எட்டின் நடுவில் ஸ்கூட்டர் நின்றது. அம்மா இரண்டு காலையும் ஊன்றினாள்.

"கால் ஊனிட்டீங்கம்மா. அடுத்த தடவை வாங்க," என்றார் அதிகாரி.

அம்மா வேலிக்கு வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அவன் ஸ்டாண்டு எடுக்கலை," என்றார் அப்பா.

"சரி."

"விழுந்திருப்பான்."

"விழலை இல்ல? பாஸும் ஆயிடுவான். சந்தோஷம்."

அப்பாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து நான் ஸ்கூட்டரை ஓட்டி வந்தேன். பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மறு தேர்வுக்கு ஒரே ஒரு நாள்தான் அதற்குள் கிடைத்தது. அதிலும் கால் ஊன்றினால் அம்மாவின் இரண்டாம் வகுப்பு வேறு ஒருவருக்குப் போய்விடும். மூன்று பேருக்கும் இது தெரியும்.

இரண்டு நாள் கழித்து நான் வேலையில் இருந்தபோது பாய் போன் செய்தார். தெருமுனையில் இரு சக்கர வாகன மெக்கானிக் கடை வைத்திருப்பவர். அப்பாவின் பைக்கை அப்பாவுக்கு அடுத்தபடியாக அதிகம் தொட்டவர்.

"பாப்பா, ஒங்கப்பா இங்க வந்து குந்திகினு கீறாரு. அம்மா வண்டியில ஸ்டாண்டு சென்சார் ஒயர கட் பண்ணி நேரா ஜாயின் குடுத்துடுன்றாரு. குடுத்துடவா?"

"வேணாம் பாய்."

"நானும் அதத்தான் சொன்னேன். இவரு வண்டின்னா இன்னா வேணா கழட்டி மாட்டுவேன். அதுல கை வெச்சி, அது எங்கனா என்னிய ஷாக் அடிச்சிச்சின்னா எங்கூட்டுல யாரு பதில் சொல்றது?"

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "ரெண்டு ஒயர்தான், அவளுக்குத் தெரியும்னு சொல்லுங்க பாய்."

எனக்குத் தெரியும்தான். எந்த இரண்டு என்றும் தெரியும். அந்த இரண்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எங்கள் பிரிவு இருக்கிறது. மாலையில் இதைக் கேட்ட அம்மா அப்பாவிடம் நிதானமாகச் சொன்னாள்.

"அது என் கால் உடையாம இருக்கறதுக்கு வெச்சிருக்காங்க. அதை எதுக்குங்க பிடுங்கணும்? பாய்கிட்ட சொல்லி உங்க வாய்க்கு ஒரு சென்சார் வைக்கச் சொல்லுங்க."

அப்பா சிரித்தார். தேர்வுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

எனக்கு யோசனை வந்ததும் அப்போதுதான். ஓர் ஒயர் இணைப்பு வண்டி ஆடும்போது விட்டுப்போகிறது என்றால் நாங்கள் அதை அசையாமல் வைத்துச் சோதிப்பதில்லை. ஆட்டிக்கொண்டே சோதிப்போம். அம்மா சத்தத்தில் விட்டுப்போகிறாள். ஆகவே சத்தத்தில் ஓட்டவேண்டும்.

மறுநாள் காலி மனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். அம்மா எட்டுப் போட வேண்டும். அப்பா நினைத்தபோதெல்லாம் கத்த வேண்டும்.

"ஸ்டாண்டு!"

கால் போனது. ஸ்கூட்டர் நின்றது.

"மறுபடியும்மா."

"ஸ்டாண்டு!"

நின்றது.

"இவரு ரொம்ப ஆசையா கத்தறாரு," என்றாள் அம்மா.

மாலையில் கடையைச் சாத்திவிட்டு பாயும் வந்தார். "யக்கா, ஸ்டாண்டு கீழ கீது பாரு! தரையில தேச்சிகினு போவுது, பொறி பறக்குது!" என்று அவர் சேர்த்துச் சொன்னதில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரித்தபடியே இரண்டு சுற்று கால் அசையாமல் முடித்துவிட்டாள். கஷ்டப்பட்டவர்கள் சாலையில் போனவர்கள்தான். மனையைக் கடந்த ஒவ்வொரு வண்டிக்காரரும் கொஞ்சம் தயங்கி, இடது காலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு தாத்தா சைக்கிளையே நிறுத்தி இறங்கிப் பார்த்தார்.

வார முடிவில் அம்மா எந்தக் குரலுக்கும் அசையவில்லை. அதுவே அடுத்த கோளாறு ஆனது. பள்ளிக்குப் புடவையில்தான் போக வேண்டும் என்பதால் கடைசி இரண்டு நாள் புடவையில் பழகினாள். முந்தானை நழுவிப் பின் சக்கரத்துப் பக்கம் தொங்கியது. மனைக்கு எதிர் வீட்டு அக்கா மாடியிலிருந்து, "மிஸ், முந்தானை! முந்தானை!" என்று கத்தினார். அம்மா புன்னகையோடு அடுத்த வட்டத்துக்குள் போனாள். நான் குறுக்கே ஓடிப் போய் நிற்க வேண்டியிருந்தது.

"நீதானே எதையும் கேக்காதேன்னே," என்றாள்.

அன்று விதியைத் திருத்தினேன். ஸ்டாண்டு என்றால் ஓட்டு. முந்தானை என்றால் நிறுத்து. அப்பா இரண்டையும் கலந்து கத்திப் பழக்கினார். நான் முந்தானைக்கு ஒரு பின் குத்திவிட்டேன், அது தனி.

மறு தேர்வுக்கு வரமாட்டேன் என்றார் அப்பா. அம்மா விடவில்லை. "நீங்க இல்லைன்னா உங்க குரல் எப்ப வரும்னு அதையே நினைச்சிட்டிருப்பேன். வந்து நில்லுங்க." வேலிக்கு வெளியே இருந்த கடையில் ஒரு மெதுவடை வாங்கி முழுதாக வாயில் போட்டுக்கொண்டு நின்றார். மென்றதாகத் தெரியவில்லை. அம்மா முதல் வட்டம், இடுப்பு, இரண்டாம் வட்டம், மறுபடி இடுப்பு என்று முடித்துக்கொண்டு நேராக வெளியே வந்து நிறுத்தினாள். ஆஃப் செய்தாள், திரையைப் பார்த்தாள், இறங்கினாள். அதிகாரி பாஸ் என்று தலையை ஆட்டினார்.

எங்களிடம் வந்ததும் அவள் முதலில் சொன்னது: "இவ்ளோ பிராக்டிஸ் பண்ணினேன். ஒருத்தர்கூட கத்தலை."

பள்ளி திறந்த அன்று அம்மா தனியாகப் போய், வேன்களுக்கு முன்பே கேட்டில் நின்றாள். அந்தச் சனிக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, கால் பயிற்சிக்காகத் தாம்பரம் கூட்டிப் போனாள். அதுவரை எப்போதும் முன்னால் உட்கார்ந்தவர், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கடைசியில் அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டார். நான் என் பைக்கில் பின்னால் போனேன். தெருமுனையில் பாய் கடை வாசலிலிருந்து வேண்டுமென்றே குரல் கொடுத்தார்.

"யக்கா, ஸ்டாண்டு!"

அம்மா திரும்பவே இல்லை. அப்பா குனிந்து பார்த்தார். நானும் தடவிப் பார்த்தேன்.

இப்போதைய நிலவரம் இது. அம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறது, இரண்டாம் வகுப்பும் இருக்கிறது. ஸ்கூட்டர் இரவில் சார்ஜ் ஆகிறது. அப்பாவின் பைக்கை ஞாயிறுதோறும் நான் உதைத்து எழுப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறேன், அப்பா பக்கத்தில் நின்று கேட்கிறார். என் வண்டி இன்னும் பெட்ரோலில்தான் ஓடுகிறது.