வேகமானவனை உட்கார வைத்தவர்

1. அரையிறுதிக்கு முந்தைய நாள், எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் மிக வேகமான தடுப்பாட்டக்காரனைப் பயிற்சியாளர் நீக்கினார்.
2. கோபத்தில் பையன்கள் யாரும் அவரிடம் பேசவில்லை.
3. ஆட்டங்களை வீடியோ எடுக்கும் நான் காரணம் கேட்கப் போனேன்.

ஒல்லியான மனிதர், வெயிலில் வெளுத்த தொப்பி. மலையாளி; தமிழர்கள் நிறைந்த சாலைக் கடைவீதிப் பக்கத்துக்காரர் என்பதால் என்னிடம் மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். பயிற்சியின்போது தடுப்பாட்டக்காரர்கள் நால்வரின் இடுப்பையும் ஒரே கயிற்றில் இணைத்துவிடுவார். பந்தைப் பார்க்கமாட்டார், கயிறு எங்கே இறுகுகிறது என்றுதான் பார்ப்பார். அந்த வேகக்காரன் பக்கத்தில்தான் அது எப்போதும் இறுகும்.

"அவன்தானே சார் நல்ல பிளேயர்?"

"அதுல சம்சயமே இல்ல மோளே."

"பின்ன எதுக்கு வெளிய உக்கார வெக்கறீங்க?"

"யார் எடம் மாறி நின்னாலும் இவன் ஓடிப்போய்க் காப்பாத்திருவான். அதனால மத்தவனுங்க சரியா நிக்கப் படிக்கவே இல்ல, கேட்டோ."

"நாளைக்குத் தோத்தா?"

"பசங்க என்னைக் கொன்னுருவானுங்க" என்று சிரித்தார். பிறகு, "எனக்கும் பேடிதான், பயமாத்தான் இருக்கு" என்றார்.

மறுநாள், அவனுக்குப் பதிலாக வந்தவனையும் சேர்த்து நால்வரும் ஒரே வரிசையாக நகர்ந்து நன்றாகவே தடுத்தார்கள். கடைசி நேரத்தில் எதிரணி வீரன் ஒருவன் பந்தோடு அவர்களைத் தாண்டி ஓடினான். துரத்திப் பிடிக்கும் வேகம் அங்கே யாருக்கும் இல்லை. ஒரு கோலில் தோற்றோம்.

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்த வருடம் வேகக்காரன் அணிக்குத் திரும்பிவிட்டான். மற்றவர்களும் இடம் தவறாமல் நிற்கிறார்கள். எங்களுக்கு எதிராக கோல் அடிப்பது கடினமாகிவிட்டது. பயிற்சியாளரை அந்தத் தோல்விக்குப் பிறகு கல்லூரி மாற்றிவிட்டது.