எட்டுத் துவக்கும் இறுகின சனிக்கிழமை

பன்னிரண்டு வருசமிருக்கும். ஒரு கார்த்திகை மாசச் சனிக்கிழமை காலமை, நாங்கள் வந்து குடியேறின குளிர்நாட்டில விபோர்க் எண்ட ஊருக்குக் கிட்ட ஒரு காட்டுக்குள்ள, நான் விக்கக் கொண்டுபோன எட்டுத் துவக்கும் வேலை செய்யாமல் நிண்டிட்டுது.

பிழை முழுக்க என்ரதான்.

பயப்பிடாதேங்கோ... விளையாட்டுத் துவக்கு. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உருண்டை பாயும். வேற நாடுகளில ஏர்சொஃப்ட் எண்டுவினம், இஞ்ச ஹார்ட்பால். வளந்த ஆக்கள் முகமூடி போட்டு, மரத்துக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு ஆளையாள் சுட்டு விளையாடுறது.

புரொப்பேன் காஸின்ர மணம் இண்டைக்கும் மூக்கில நிக்குது. அழுகின வெங்காயம் மாதிரி. அந்த மணம்தான் என்ர யாவாரத்தின்ர தொடக்கம்.

எங்கட பக்கத்தில இந்த விளையாட்டுக்கெண்டு ஒரு கிளப் இருந்துது. உருண்டையைத் தள்ள அப்ப அவை பாவிச்சது பலம் குறைஞ்ச ஒரு காஸ். கோடையில பிழையில்லை. குளிர் தொடங்கினால் உருண்டை காலடியிலேயே விழும். பலமான கிரீன் காஸ் எண்டு ஒண்டு டின்னில வரும், ஆனா விலை. நான் துளாவிப் பார்த்தன்... அந்த டின்னுக்குள்ள இருக்கிறதும் புரொப்பேன்தான்! மணத்தை எடுத்துப்போட்டு, கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய் கலந்திருக்கு, அவ்வளவுதான். கேம்பிங் அடுப்புக்கு விக்கிற சிலிண்டரில ஒரு சின்ன அடாப்டரைப் பூட்டி, எண்ணெயை நாங்களே ரெண்டு சொட்டு விட்டால் அலுவல் முடிஞ்சுது.

தைவானிலயிருந்து ஒரு பெட்டி அடாப்டரும் எட்டுத் துவக்கும் எடுப்பிச்சன். இறைச்சி ஃபக்டரி வேலையையும் விட்டிட்டன்.

மனுசி கேட்டா: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து நீங்கள் துவக்கு விக்கப்போறியளோ?"

"வாங்க ஆள் இருக்கு, விக்கிறன்."

"ஓம்... ஆள் வராட்டி திரும்பிப் போய் அந்த ஃபக்டரி மேஸ்தரின்ர காலில விழுங்கோ."

அதுதான் பயம். அந்த கிளப் ஒண்டை நம்பித்தான் வேலையை விட்டது. அவை வேண்டாமெண்டால் திங்கக்கிழமை நான் ஃபக்டரி வாசலில.

கிளப் தலைவர் ஹென்னிங். ஆறடிக்கு மேல, குறைவாக் கதைக்கிற மனுசன். "குளிரிலயும் சுடும் எண்டுறாய். சனிக்கிழமை கொண்டு வா, பாப்பம்" எண்டார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் சிலிக்கோன் எண்ணெய் வரேல்லை. கஸ்டம்ஸில நிக்குதாம். எண்ணெய் இல்லாமல் காஸ் அடிச்சால், காஸும் உருண்டையும் நிரப்புற மகசினுக்குள்ள இருக்கிற ரப்பர் காஞ்சு காஸ் கசியும். யோசிச்சன்... குளியலறைக்குள்ள ஹீட்டருக்கு மேல தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருந்துது. எண்ணெய் எண்ணெய்தானே! எட்டு மகசினுக்கும் விட்டு, காஸ் அடிச்சு, வீட்டு ஹோலுக்குள்ள நிண்டு ஒரு காட்போட் பெட்டியைச் சுட்டுப் பார்த்தன். சும்மா படபடவெண்டு பாய்ஞ்சுது. எனக்கெண்டால் பெரிய புளுகம், சந்தோசம் தாங்கேல்லை.

விடிஞ்சால் சனிக்கிழமை. காட்டுக்குள்ள அண்டைக்கு ரெண்டு பாகை குளிர்.

ஹென்னிங் விசையை இழுத்தார். டிக்.

அடுத்ததை எடுத்தார். டிக்.

பதினைஞ்சு பேர் சுத்தி நிண்டு பாத்துக்கொண்டு நிக்கினம்... எட்டும் டிக்.

ஹென்னிங் என்ர முகத்தைப் பார்த்தார். பாவம் பார்த்தாரோ தெரியாது. "குளிர்தான் காரணம் போல. என்ன காஸ் எண்டாலும் குளிருக்கு ஏலாது" எண்டார்.

உண்மையைச் சொல்லுறன், தலையாட்டத்தான் வந்துது. மானத்தோட தப்பியிருக்கலாம். ஆனா தலையாட்டினால் புரொப்பேனும் குளிருக்குச் சரிவராது எண்டாயிடும். பிறகு அந்தப் பெட்டி அடாப்டரை ஆர் வாங்குவினம்?

"குளிர் இல்லை. நான் விட்ட எண்ணெய்தான் பிழை" எண்டன்.

அவர் ஒரு மகசினைத் திருப்பி வால்வைப் பார்த்தார். வெள்ளையா மெழுகு மாதிரி அடைச்சுக்கொண்டு நிக்குது. மணந்து பார்த்தார்.

"இதென்ன, சன் கிறீமோ?"

"இல்லை... நாங்கள் தலைக்குப் பூசுற எண்ணெய்."

பிறகு பின்னால ஒருத்தர் கேட்டார்: "அப்ப ஷாம்பூ எங்க?"

பதினைஞ்சு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். ஹென்னிங்கும்தான். நானும் சிரிச்சன்.

மகசின் எல்லாத்தையும் என்ர காருக்குள்ள கொண்டுபோய் ஹீட்டரை முழுசாப் போட்டம். அரை மணித்தியாலத்தில மெழுகு உருகி வடிஞ்சுது. காரெல்லாம் தேங்காயெண்ணெய் வாசம்... ஹென்னிங் தன்ர பையிலயிருந்து ஒரு சின்னப் போத்தல் சிலிக்கோன் எண்ணெய் தந்தார். துடைச்சு, ரெண்டு சொட்டு விட்டு, திரும்பக் காஸ் அடிச்சன்.

அவர் இழுத்தார்.

டப்! டப்! டப்! டப்!

அந்தச் சத்தம் கேட்டு நெஞ்சில பாரம் இறங்கினதை இப்பவும் சொல்லத் தெரியேல்லை. ஊரில துவக்குச் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள ஓடினவன்... இஞ்ச அதே சத்தத்தைக் கேட்டு "அப்பாடா" எண்டு ஒரு மரத்தில சாஞ்சு நிண்டன்.

வீட்டை வந்து சொல்ல, மனுசி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. "மாரி முழுக்க அந்தப் போத்தலை ஏன் ஹீட்டரில வைக்கிறனான் எண்டு ஒருநாளாவது யோசிச்சனீங்களோ?"

யோசிக்கேல்லை. சூடான வீட்டுக்குள்ள நிண்டு பரிசோதிச்சது முட்டாள்வேலை. இப்ப புதுசா என்ன எண்ணெய் வந்தாலும் முதல்ல ஃபிரீசருக்குள்ள, மீன் பார்சலுக்குப் பக்கத்தில ஒரு இரவு கிடக்கும். பிறகுதான் என்ர கடைத் தட்டில ஏறும்.

இப்ப கடை பெரிசு. பற்றரித் துவக்கு, அமத்தின காத்துப் போத்தல் எண்டு எல்லாம் வந்திட்டுது. வாற பெடியளுக்கு புரொப்பேன் மணமே தெரியாது. ஓடர் ஓன்லைனில வரும், ஒப்பந்தம் ஈமெயிலில வரும், பத்துப் பக்கம். ஆர் அனுப்பினது எண்டு முகமும் தெரியாது. வசதிதான், குறை சொல்லேல்லை...

ஆனா அண்டைக்கு ஈரமான இலைக்கு மேல நிண்டு, கையுறையைக் கழட்டிப்போட்டு ஹென்னிங் கை தந்தார். கடதாசியில்லை, கையெழுத்தில்லை, வாயால பேசினது இவ்வளவுதான்: எட்டுத் துவக்கும் எட்டு அடாப்டரும் கிளப்புக்கு. ஒரு வருசத்துக்குள்ள ரப்பர் பழுதானால் மாத்திற செலவு என்ர. காசு தை மாசம், உறைபனியில ஒரு நாள் முழுக்கச் சுட்டுப் பார்த்தாப் பிறகு.