மெமரி பத்தல

புனேயில் எங்கள் வீட்டுக்கு அப்பா வந்து தங்கியிருந்த சமயம். அவருக்கு மறதி தொடங்கியிருந்தது. பக்கத்தில் கட்கி ஏரியாவில் இருந்த டாக்டர் அதை 'மெமரி பிராப்ளம்' என்றார். ஒருநாள் என் பழைய லேப்டாப்புக்கு ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றலாமா, வேண்டாமா என்று நண்பனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"வயசாயிருச்சுடா. மெமரியும் பத்தல. இனிமேல் செலவு பண்ணி என்ன பிரயோசனம்? தள்ளிவிட்டுற வேண்டியதுதான்."

போனை வைத்துவிட்டு உள்ளே போனால், அப்பா வேட்டிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கோயமுத்தூருக்கு டிக்கெட் போட்டுரு கண்ணு. உனக்கு எதுக்கு வீண் செலவு?"

"நான் லேப்டாப்பைச் சொன்னேன்ப்பா."

"சரி கண்ணு" என்றார். மடிப்பதை நிறுத்தவில்லை.

சொன்னதையே திரும்பச் சொல்கிறாரே என்று சில வாரங்களாக அவர்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவர், நான் பேசியது லேப்டாப்பைப் பற்றித்தான் என்று எப்படி நம்புவார்?