சாரங்கு அண்ணாச்சியின் கட்டைவிரல்

"இந்தக் கம்ப்யூட்டர் புதிய பதிப்புக்குத் தகுதியானதல்ல" என்று திரையில் வந்தபோது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தத் தீவில் ஜங்லிகாட் பகுதியில் இருக்கும் என் கடையில் இத்தனை வருடமாக முணுமுணுக்காமல் உழைக்கிற லேப்டாப் அது. கப்பல் டிக்கெட், ரேஷன் கார்டு திருத்தம், பிறப்புச் சான்று, பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பம் என்று எதைக் கொடுத்தாலும் செய்து முடிக்கும். அதைப் பார்த்துத் தகுதி இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் கெடு நிஜமானது. அக்டோபரோடு பழைய விண்டோஸுக்கு இலவசப் பாதுகாப்பு நின்றுவிடும் என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்டோபருக்கு அடுத்து வருவது நவம்பர். என் தொழிலில் நவம்பர் என்றால் திருவிழா. பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லாம் தாங்கள் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்குக் காட்டவேண்டிய மாதம் அது. கைரேகைக் கருவியில் விரலை வைத்தால் ஆதாரில் உள்ள ரேகையோடு அது ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை, உயிர்ச்சான்று கிடைத்துவிடும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. பொதுப்பணித்துறை, துறைமுகம், காட்டிலாகா என்று இந்தத் தீவுகளில் உழைத்து ஓய்வு பெற்ற தமிழர்களில் நிறையப் பேர், வாய்விட்டுத் தமிழில் பேசலாம் என்பதற்காகவே என்னிடம் வருவார்கள். முகத்தைக் காட்டி முடித்துக்கொள்ளும் வழி இப்போது செல்போனில் வந்துவிட்டது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பட்டன் போன்தான். மீதிப் பேருடைய போன் பேரன் பேத்திகளின் கையில் இருக்கிறது.

பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெங்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னிடம் இருப்பது இரண்டு லேப்டாப், இரண்டும் ஒரே மாடல், இரண்டும் ஒரு கம்பெனி அலுவலகத்தில் ஓடிவிட்டு மலிவாக என்னிடம் வந்தவை. இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "தீதி, நயா லேனா படேகா," என்றார். புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டுமாம். என் முகம் போன போக்கைப் பார்த்து, அவரே ஒரு மலிவு வழியும் சொன்னார். பூட்டை உடைத்த பதிப்பு ஒன்று அவரிடம் இருந்தது. சாயங்காலத்துக்குள் போட்டுக் கொடுத்துவிடுவாராம், யாருக்கும் தெரியாதாம்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் கல்யாணப் போட்டோ மட்டும் இருக்கிற பெட்டியாக இருந்தால் பரவாயில்லை. இதன் வழியாகப் போவது ஊராருடைய விரல். எவனோ பூட்டை உடைத்துவிட்டுப் போன வீட்டில் அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. அதே காரணத்துக்காகத்தான் கெடு முடிந்த பழையதை வைத்து ஓட்டவும் எனக்குப் பிடிக்கவில்லை. பணம் கட்டினால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடலாம் என்றார்கள். தள்ளிப்போடுகிற ஜாதி நான் இல்லை.

ஆக, நானே உட்கார்ந்து படித்தேன். முன்பெல்லாம் ஒரு போட்டோவை மெயின்லேண்டுக்கு அனுப்பவே அரை நாள் ஆகும் ஊர் இது. கடலடிக் கேபிள் வந்த பிறகு உலகத்தில் உள்ள எல்லாச் சந்தேகங்களுக்கும் யாராவது ஒரு வீடியோ போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வீடியோவிலேயே விஷயம் பிடிபட்டது. புதிய பதிப்பு கேட்கிற பாதுகாப்புச் சில்லு என் லேப்டாப்பில் இல்லாமல் இல்லை. உள்ளேயே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். ஆன் செய்யும்போது ஒரு பட்டனை விடாமல் தட்டி, நீலத் திரைக்குள் போய், ஒரு சொல்லை மாற்றினேன். மறுபடி கேட்டபோது திரை, தகுதி உண்டு என்றது. நான் தனியாக இருந்த கடையில் வாய்விட்டுச் சிரித்தேன். பழைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்குப் புதியது இலவசம். செலவு என்று பார்த்தால், வேகத்துக்காக ஒரு சின்ன டிஸ்க் மட்டும்தான். சென்னைக்கு மருத்துவம் பார்க்கப் போன பக்கத்து வீட்டம்மா புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு லேப்டாப்பை மட்டும் மாற்றினேன். மற்றதைத் தொடவில்லை. ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டிய ஊரில், புதியது ஓடிக் காட்டாமல் யாரும் பழையதை விடமாட்டார்கள். புதியது நன்றாகவே ஓடியது. கைரேகைக் கருவியையும் அடையாளம் கண்டுகொண்டது. என் விரல் பச்சை. என் கணவர் விரல் பச்சை. எனக்கு ஒரே பெருமை.

அதைப் பெங்காலிக்காரரிடம் பீற்றிக்கொள்ளப் போனபோதுதான் அவர் ஒன்று சொன்னார். புதிய பதிப்புக்கு என்று வருகிற கருவியின் மென்பொருள் ரொம்பக் கறாராம். நம் விரலை எல்லாம் எடுத்துக்கொள்ளும், தேய்ந்த விரலைத் திருப்பி அனுப்பிவிடும் என்றார். பழையதிலேயே தேய்ந்த விரல்களோடு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். ஆறு முறை, ஏழு முறை வைக்கவேண்டியிருக்கும். கயிறு இழுத்தவர்கள், மரம் அறுத்தவர்கள், சிமென்ட் குழைத்தவர்கள், நாற்று நட்டவர்கள். இதைவிடக் கறாராக ஒன்று வந்தால் நவம்பரில் என் கடை வாசலில் நிற்கிறவர்கள் சான்று இல்லாமல்தான் திரும்பிப் போவார்கள். மாறுவதா வேண்டாமா என்பதை என் வழுவழுப்பான விரல் சொல்லாது. எனக்கு ஒரு மோசமான விரல் வேண்டும்.

ஊரிலேயே மோசமான விரல் யாருடையது என்று யோசிக்க எனக்கு நேரமாகவில்லை. மரைன் ஹில்லில் இருக்கும் சாரங்கு அண்ணாச்சியுடையதுதான். தீவுக்குத் தீவு போகும் அரசாங்கப் படகில் மாலுமிகளுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்குத்தான் சாரங்கு என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பது வருடம் நங்கூரக் கயிறு பிடித்த கை. சிக்கல் என்னவென்றால், போன நவம்பரில் நாங்கள் இரண்டு பேரும் ஊர் பார்க்கச் சண்டை போட்டிருந்தோம்.

அன்றைக்குக் கடையில் இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் விரல் எட்டாவது தடவையும் சிவப்பு. நான் ஒன்பதாவதுக்காக விரலைப் பிடித்தேன். அவர் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, "கைய விடும்மா!" என்று கத்தினார். எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. "இது விரலே இல்ல அண்ணாச்சி, வெறும் தோல். நான் என்ன செய்யட்டும்?" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போனார். பாங்கில் வரிசையில் நின்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கிழவருக்கு ரோஷம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, எனக்கு அதிகம் என்று நினைக்கவில்லை.

ஆனாலும் போனேன். இரண்டு லேப்டாப்பையும் கருவியையும் பையில் போட்டு, ஆட்டோ பிடித்து மேட்டில் ஏறி, அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நவம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை. பாங்க் இருப்பைப் பார்ப்பதற்கும் இதே கருவி, இதே விரல், இதே ஒத்துப்பார்த்தல்தான். சோதனைக்கு அது போதும்.

கதவைத் திறந்தவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, நான் இருக்கேனா போயிட்டேனான்னு பாக்க வந்தியாக்கும்?"

"அண்ணாச்சி, உங்க விரல் எனக்கு வேணும்." சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"அது விரலே இல்லன்னுல்லா சொன்னே?"

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என் கடைக்கு வர்றதுலயே உங்க விரல்தான் ரொம்பக் கஷ்டம். அதுக்குப் புது சிஸ்டத்துல பச்சை விழுந்துட்டா எல்லார் விரலுக்கும் விழும். விழலன்னா பணம் கட்டியாவது ஒரு வருஷம் பழசுலயே இருந்துக்குவேன். நீங்கதான் சொல்லணும்."

அவருக்கு அது பிடித்துவிட்டது. மீசைக்குள் சிரித்தார். "அப்போ நான் பாஸ் பண்ணாத்தான் உன் கடை பாஸ். டீக் ஹை, உள்ள வா."

நான் கணக்குத் தப்பாமல் செய்கிறவள். முதலில் பழைய லேப்டாப்பில் வைக்கச் சொல்லி, எத்தனை தடவை சிவப்பு வருகிறது என்று எண்ணி, பிறகு புதியதில் எண்ணுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் வீட்டில் என் போனுக்கு ஜன்னல் பக்கம் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. அதனால் நான் ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டு, போனை ஒரு கையிலும் லேப்டாப்பை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டேன். கருவி அவர் பக்கத்தில் ஜன்னல் கட்டையின் மேல் இருந்தது.

"வையுங்க அண்ணாச்சி."

அவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டுக் கருவியின் மேல் வைத்தார். அழுத்தாமல், சும்மா சாய்த்து வைத்தார்.

பச்சை.

தவறாகப் புதியதில் செருகிவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை, பழையதுதான். இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். மறுபடியும் பச்சை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போனையும் லேப்டாப்பையும் கட்டையில் வைத்துவிட்டு, வழக்கம்போல அவர் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்து நன்றாக அழுத்தினேன்.

சிவப்பு.

"பாத்தியா?" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "நீ அமுக்குத. அன்னைக்கும் அதத்தான் சொன்னேன், கைய விடு கைய விடுன்னு. உனக்கு எப்பவும் ஜல்தி. காதுலயே வாங்கல."

தேய்ந்த ரேகையில் மேடு கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அழுத்தினால் அதுவும் தட்டையாகிவிடும். யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பச்சை விழவில்லை என்றால் இன்னும் அழுத்து, அதற்கும் விழவில்லையா, இன்னும் அழுத்து என்றே இத்தனை நவம்பர்களை ஓட்டியிருக்கிறேன். பெரார்கஞ்சிலிருந்து பஸ் ஏறி வருகிற, காட்டிலாகாவில் இருந்து இறந்துபோன கணவரின் குடும்ப பென்ஷன் வாங்குகிற ஒரு அம்மாவை, போன வருடம் இரண்டு தடவை வரவைத்து இரண்டு தடவையும் வெறுங்கையோடு அனுப்பினேன். விரல் தேய்ந்துவிட்டது, என் கையில் ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். என் கையில்தான் எல்லாம் இருந்திருக்கிறது. எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டர், கருவி, நெட், அவர்களுடைய தோல் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என்னைத் தவிர.

"தப்பு என்னோடதுதான் அண்ணாச்சி," என்றேன்.

"அது இருக்கட்டும். உன் புதுசக் கொண்டா, அதையும் பாப்போம்."

புதியது கறார்தான். முதல் தடவை சிவப்பு காட்டியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவராகவே ஒரு ஈரத்துணி எடுத்துவந்து விரலைத் துடைத்து, காயவிட்டு, மெதுவாக வைத்தார். பச்சை. நான்கு முறை வைத்ததில் மூன்று பச்சை. பழையதில் என் அழுத்தத்தோடு ஒருநாளும் கிடைக்காத கணக்கு. ஆட்டோவில் மேட்டிலிருந்து இறங்கி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த வாரமே இரண்டாவது லேப்டாப்பையும் மாற்றினேன். பெரார்கஞ்ச் அம்மாவுக்கு நானே போன் செய்து, இந்தத் தடவை என்னிடம் வாருங்கள், பஸ் செலவு வீணாகாது என்றேன்.

நவம்பர் முதல் வாரத்திலேயே வந்தார். புது லேப்டாப்பா என்று விசாரித்தார். பழசுதான், உள்ளே மட்டும் புதுசு என்றேன். உட்கார்ந்ததும் கருவியைப் பார்க்கவே இல்லை. வலது கையை மேசைக்கு மேல் என்னிடம் நீட்டினார். மற்ற விரல்களை மடக்கி, கட்டைவிரலை மட்டும் தூக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார், ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் திருப்புவதுபோல. அப்படி நீட்டப் பழக்கியது நான்தான்.

"நீங்களே வையுங்கம்மா," என்றேன்.

"நானா?"

"நீங்கதான். அமுக்காம, சும்மா வையுங்க."

வைத்தார். சிவப்பு. என் கை தானாக எழுந்தது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஈரத்துணியை அவர் பக்கம் தள்ளினேன். துடைத்துவிட்டு, கருவியை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்தார்.

பச்சை. சான்றை அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை, நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு கட்டைவிரலைத் தூக்கி ஒரு முறை பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்த வாட்டி வலிக்கவே இல்லம்மா."